ஐந்து சம்சாரம்!

ஐந்தரை மணி.

கனகதாஸ் எழுந்தான். பல் தேய்த்தான். கிணற்றில் நான்கு வாளி இறைத்தான். சவரம் செய்தான். தாடையில் ஒரு கீறல்.

மனைவி சுகுமாரி இரண்டு தம்ளரில் சாயா கொண்டு வந்தாள். தன் தம்ளரை நின்றபடியே பாதி குடித்து ஜன்னலில் வைத்தாள். தோல்பையில் காகிதங்களை அடுக்கினாள். இறக்குமதி லைசென்ஸ். சரக்குப் பட்டியல். கொழும்புக் கடையின் ரசீது.

"பன்னெண்டு ரேடியோப் பெட்டி. சீல் வாங்கிட்டு வாறேன்."

ஆறேகால் பஸ்ஸில் போனாள்.

மற்ற எல்லாக் காலைகளையும் போல.

பாறசாலை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு.

கொழும்பிலிருந்து தோணியில் வரும் சரக்கைப் பொழியூர் சுங்கச் சௌக்கையில் காட்டி, தீர்வை கட்டி, கடைக்காரர்களிடம் சேர்ப்பது கனகதாசின் தொழில். பாலராமபுரம் தறிகளுக்குச் சாயப்பொடி. நெய்யாற்றின்கரைத் தையல்காரர்களுக்கு ஊசி. இந்த முறை பாட்டரி ரேடியோ.

சௌக்கைக்கு அவன்தான் போக வேண்டும். ஆனால் போக முடியாது!

நெய்யாற்றின்கரைக் கூட்டத்தில், இந்தத் தாலுகா தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நாற்பது நிமிடம் பேசிவிட்டான். கேஸ். பாறசாலையைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. கூடவே ஒரு கான்ஸ்டபிள்.

மோகனன். ஆலப்புழைக்காரன். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டூல். அந்த வீட்டில் யார் எது பேசினாலும் நோட்டில் எழுதுவது அவன் வேலை.

வீட்டுச் சுவரில் ஒரு ஸ்லேட்டு தொங்கியது.

'இங்கே தமிழ் மட்டும். மலையாளம் பேசினால் சாயா கிடையாது!'

மோகனன் ஒருநாள் கேட்டான்.

"ஸாரே, சாயாவே மலையாளமல்லே?"

"அது ரெண்டு பேருக்கும் பொதுவாக்கும். எல்லைதான் தகராறு. சாயா இல்ல!"

மோகனன் அதையும் எழுதிக்கொண்டான்.

எட்டரைக்கு எலியா வந்தான். ரேடியோ ரிப்பேர்க்காரன். கனகதாசோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. கொழும்புக்குப் போய்ப் பன்னிரண்டு பெட்டிகளையும் வாங்கி, கட்டி, தோணியில் ஏற்றியவன் அவன்தான். தினமும் இந்த நேரத்தில் இங்கேதான் சாயா.

"சுகுமாரி இன்னும் வரல்லியா மக்கா?"

"சௌக்கையில புது ஆபீசர் வந்திருக்காராம். கிருஷ்ணன்குட்டி. வடக்கத்திக்காரரு. ஒவ்வொண்ணாத் தொறந்து பாப்பாராம்."

எலியாவின் தம்ளர் உதட்டருகே நின்றது.

"ஒவ்வொண்ணாயா...?"

ட்ர்ர்ரிங்!

கனகதாஸ் ரிசீவரை எடுத்தான்.

"அண்ணே... பத்ரோஸ் ஆக்கும்!"

தோணிக்காரர் பத்ரோஸ். குரல் நடுங்கியது.

"என்ன பத்ரோஸ்? சரக்கு எறங்கியாச்சா?"

"அண்ணே... சம்சாரம் போச்சு!"

"என்னது?"

"சம்சாரம் போச்சுண்ணே..."

டொக்!

ரிசீவர் கனகதாசின் கையிலேயே இருந்தது. அதை வைக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஜன்னலில் அவள் குடித்து வைத்த தம்ளர். பாதி மிச்சம். மேலே ஆடை படிந்திருந்தது. அதையே பார்த்தான்.

"மக்கா, என்ன ஆச்சு? எலே, சொல்லு!"

"போச்சு எலியா... சம்சாரம் போச்சு!"

எலியாவின் முகம் வெளுத்தது. தம்ளர் நழுவித் தரையில் உருண்டது.

"அஞ்சுமா?"

கனகதாஸ் தலையைத் தூக்கினான். கண்ணில் நீர்.

"எலே... எனக்கு ஒண்ணுதானேடே உண்டு!"

ஜன்னலுக்கு வெளியே மோகனனின் பென்சில் ஒரு கணம் நின்றது. பிறகு வேகமாக ஓடியது.

"இல்ல மக்கா... அஞ்சு மணிக்கா போச்சுன்னு கேட்டேன்..."

"அவ ஆறேகாலுக்குத்தானே பஸ் ஏறினா..."

"நீ இங்கயே இரி. நான் பொழியூருக்குப் போயிப் பாக்கேன்!"

எலியா பாய்ந்து வெளியே போனான். சைக்கிளை எடுத்தான்.

கனகதாசும் செருப்பில்லாமல் ஓடினான். மோகனன் குறுக்கே நின்றான்.

"ஸாரே, உத்தரவு இல்லாண்டு போவக்கூடாது!"

"வழி விடும்! என் சம்சாரம் செத்துப் போச்சு!"

மோகனன் விழித்தான்.

"சம்சாரம் செத்தோ? ஸார் நல்லா சம்சாரிக்குன்னுண்டல்லோ!"

கனகதாஸ் அவன் சட்டையைப் பிடித்தான். அப்போதுதான்...

க்ரீச்ச்!

தெருமுனையிலிருந்து வந்த ஒரு ஜீப் வாசலை அடைத்து நின்றது. எலியாவின் சைக்கிள் அதன்மேல் மோதாமல் தப்பியது.

ஜீப்பிலிருந்து முதலில் இறங்கியவள்...

சுகுமாரி!

"எங்க எலியா அண்ணே, இவ்வளவு அவசரமா?"

"பொ... பொழியூருக்கு. ஒனக்க... துக்கத்துக்கு..."

"பொழியூரு மேக்க இல்லியா? சைக்கிளு கெழக்க பாத்து நிக்குதே! போட்டும், அலைய வேண்டாம். பொணம் இங்கயே வந்தாச்சு."

கனகதாஸ் அவளருகே போனான். மணிக்கட்டைப் பிடித்தான். சூடு இருந்தது. விடவில்லை.

பின்னால் சுங்க ஆபீசர் கிருஷ்ணன்குட்டி இறங்கினார். கையில் ஒரு துணிமூட்டை. அவிழ்த்தார். பஞ்சுக்குள் சுவிஸ் வாட்சுகள் டிக் டிக்கென்றன!

"ஆரா கனகதாஸ்? நிங்ஙளுடெ லைசென்ஸில் வந்ந பெட்டியிலாணு இது! கைவெலங்கும் நிங்ஙளுக்குத்தானே?"

"கொஞ்சம் பொறுங்க ஸார்," என்றாள் சுகுமாரி. "யாரு வேலைன்னு காட்ட எனக்குத் தந்த ஒரு மணி நேரம் இன்னும் தீரல்ல. கான்ஸ்டபிள் ஸாருக்க நோட்டை ஒருக்க வாசிக்கச் சொல்லணும். போன் மணி அடிச்சதுல இருந்து."

மோகனன் தொண்டையைச் செருமினான். வாழ்க்கையில் முதல்முறையாக அவன் எழுதியதை ஒருவர் கேட்கிறார்!

"எட்டு நாப்பது. கனகதாஸ்: சம்சாரம் போச்சு. எலியா: அஞ்சுமா? கனகதாஸ்: எனக்கு ஒண்ணுதானே உண்டு."

கிருஷ்ணன்குட்டியின் மீசை துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சௌக்கையில என்ன நடந்துச்சு தெரியுமா?" சுகுமாரி கணவனிடம் திரும்பினாள். "ஸார் பெட்டிகளைப் பாடவச்சுக் காட்டச் சொன்னாரு. ஏழு பாடிச்சு. அஞ்சு ஊமை. தொறந்தா, ஸ்பீக்கர் இருக்க வேண்டிய எடத்துல பஞ்சும் வாட்சும்! கெட்டினது எலியா அண்ணன். ஆனா சாட்சி வேணுமே? ஸாருக்க ஜீப்புல வந்து, நம்ம தெருமுனைத் தபாலாபீசுல இருந்து பத்ரோஸ் அண்ணனைப் பேசச் சொன்னேன். ரெண்டே வார்த்தை."

"சம்சாரம் போச்சு..." கனகதாஸ் முணுமுணுத்தான்.

"தமிழ்ல கேட்டா பெண்டாட்டி போச்சு. மலையாளத்துல கேட்டா பேச்சு போச்சு. சிலேட்டு தொங்கவிட்ட நாள்ல இருந்து உங்களுக்கு மலையாளம் காதுல ஏறாது. அழுவீங்கன்னு தெரியும். நீங்க அழுததும் பக்கத்துல இருக்குத எவனும், 'ஐயோ சுகுமாரி'ன்னுதான் அலறணும். பெட்டிக்க பேச்சைப் புடுங்கினவன் மட்டுந்தான் பெட்டியை நினைப்பான்."

"நான்... ரேடியோக்காரனாக்கும்!" எலியா கத்தினான். "சம்சாரம்னா எனக்கு ரேடியோதான் ஓர்மை வரும்!"

"வரட்டும். அப்பம் 'பன்னெண்டுமா'ன்னு இல்லியா கேக்கணும்?"

எலியா வாயைத் திறந்தான். எதுவும் வரவில்லை. அவனுக்கும் சம்சாரம் போச்சு!

விலங்கு பூட்டும்போது கனகதாசைப் பார்த்தான்.

"எனக்க கடைக்கு வந்ததும் வாட்சை எடுத்துட்டு ஸ்பீக்கரை மாட்டியிருப்பேன் மக்கா. ஒனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"லைசென்ஸ் எனக்க பேருலடே," என்றான் கனகதாஸ். "செயிலும் எனக்க பேருலதான் வந்திருக்கும்."

ஜீப் போயிற்று.

சுகுமாரி ஜன்னலில் இருந்த தம்ளரை எடுத்தாள். ஆடையை ஊதி ஒதுக்கினாள். ஆறிய சாயாவைக் குடித்து முகம் சுளித்தாள்.

"எனக்க உயிரே போச்சு," என்றான் கனகதாஸ். "ரேடியோன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொல்லியிருக்கப்பிடாதா?"

"நீங்க நெசமா அழுததுனாலதான் அவரு ஏமாந்தாரு. உங்களுக்கு நடிக்கத் தெரியாது."

கனகதாஸ் அவள் மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

"அந்த ஏழு பெட்டியில ஒண்ணை வாங்கி இங்க வைப்போமா? நீ இல்லாத நேரத்துல வீடு ரொம்ப அமைதியா கெடக்கு."

அதற்கு அவள் என்ன சொன்னாள் என்பதைப் பாறசாலை ஆட்கள் பத்து விதமாகச் சொல்வார்கள். உண்மையில் சொன்னது மோகனனின் நோட்டில் இருக்கிறது. அன்றைய கடைசி வரி.

"எதுக்கு? ஒரு வீட்டுக்கு ஒரு சம்சாரம் போதுமாக்கும்!"