கட்டைவிரலில் ஒரு முடிச்சு

இப்போதெல்லாம் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. சாவியைத் திருகுகிறார்கள், கிளம்புகிறார்கள். வண்டி பள்ளத்தில் விழுந்த பிறகுதான் குனிகிறார்கள்.

ஜீப் டிரைவர் சோலைமுத்து குனிந்தார். எழுபது வயது முழங்கால் முனகியது.

ஜீப்பின் பின்பக்கம் ஒரு பிணம்!

தாண்டிக்குடி காப்பி எஸ்டேட்டின் முதலாளி திருமலைச்சாமி. காலையில் காப்பி குடித்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். சொன்னவன் அண்ணன் மகன் பாலகுமார். டாக்டர் வீடியோ காலில் பார்த்து உறுதி செய்துவிட்டாராம். மதியத்துக்குள் கீழே வத்தலக்குண்டில் எரித்துவிட வேண்டுமாம். எஸ்டேட் ஆட்களுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாமாம்.

செல்போனில் நாடி பார்க்கிற காலம்...

"என்ன நோண்டுறீங்க? வெரசா எடுங்க."

"எடுக்கலாம் தம்பி. எறக்கத்துல பிரேக் போச்சுன்னா நாமளும் அவரு பக்கத்துலதான் படுக்கணும்."

ஆயில் பார்த்தார். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தார். டீசல் பில்டரின் அடித்திருகைக் கழற்றினார். மழைக்காலம். டீசலோடு தண்ணீர் சேர்ந்திருக்கும். சொட்டுச் சொட்டாக வடிந்தது. வடியட்டும்.

பாலகுமார் மணி பார்த்தான். நெற்றியைத் துடைத்தான்.

தாண்டிக்குடிப் பனியில் வியர்வை!

கடைசியாக லோடு. கயிற்றை இழுத்துப் பார்த்தார் சோலைமுத்து. பிணத்தின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதென்று, முறைப்படி, பாலகுமாரே கட்டியிருந்தான். இறுக்கமாக.

சோலைமுத்துவின் கை நின்றது.

முடிச்சுக்கு அந்தப்பக்கம் விரல் நுனிகள் வீங்கி... கருஞ்சிவப்பாக...

"ஏலே, ரத்தம் ஓடுனாத்தானலே வெரலு வீங்கும்? செத்தவருக்கு எப்படி வீங்கிக் கெடக்கு?"

பாலகுமார் பாய்ந்து வந்தான். கிழவரைத் தள்ளினான். ஜீப்பில் தாவினான். சாவி வண்டியிலேயே இருந்தது.

உயிரோடிருந்த சித்தப்பாவோடு ஜீப் பாய்ந்தது!

எஸ்டேட்டுக்கு அவன் ஒருவன்தான் வாரிசு. காத்திருக்கப் பொறுமை இல்லை. காப்பியில் மயக்க மாத்திரை... மிச்சத்தை நெருப்பு பார்த்துக்கொள்ளும்...

நூறடி. முதல் ஏற்றம்.

ஜீப் இருமியது... திணறியது... டீசல் ஏறாமல் நின்றது.

பில்டர் திருகு சோலைமுத்துவின் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

சரிவில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த வீரம்மாவும் மற்றப் பெண்களும், "மொதலாளி உயிரோட இருக்காரு, அவன விடாதீங்க" என்று சோலைமுத்து போட்ட சத்தம் கேட்டு ஓடிவந்து அவனை வளைத்துக்கொண்டார்கள். சோலைமுத்துவால் ஓட முடியவில்லை. மூச்சு வாங்க நடந்து வந்தார். முதலில் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்தார். அப்புறம்தான் விரல் முடிச்சை அவிழ்த்தார்.

பிணம் முனகியது!

ஒரு மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸ் வந்தது. திருமலைச்சாமியை ஏற்றினார்கள். சோலைமுத்து அதன் டயரைத் தட்டிப் பார்த்தார். மறுபடி குனிந்தார். டிரைவருக்கு எரிச்சல்.

"பெரியவரே, தள்ளுங்க. எல்லாம் செக் பண்ணியாச்சு."

சோலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். நம்பிக்கை வரவில்லை. திரும்பாமலே சொன்னார்.

"உள்ள படுத்திருக்காரே, அவரையும் செக் பண்ணியாச்சுன்னுதான் சொன்னாங்க."