மூன்றாவது தட்டு

கோயில் கதவின் உட்புறத்தில், இடுப்பளவு உயரத்தில், ஈரமாக ஒரு சின்னக் கைத்தடம் இருந்தது. உள்ளங்கையும் பெருவிரலும் மட்டும். மற்ற விரல்கள் பதியவில்லை. யாகப்பு தோளில் கிடந்த துண்டால் அதைத் துடைத்தார். துண்டில் குளத்துச் சேறு மணத்தது.

குருத்தோலை ஞாயிறு, காலை ஏழு மணி. இருபது வருசமாக அந்தக் கோயிலுக்கு மூப்பராக இருக்கும் அவருக்கு இந்த நாளில் ஒரே வேலைதான். ஊர்ச் சனம் முழுவதும் குளக்கட்டுக் குருசடியிலிருந்து ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு வரும்போது, அவர் மட்டும் வெறுங்கோயிலுக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு நிற்பார். சுவாமியார் சிலுவையின் அடியால் கதவில் மூன்று தரம் தட்டுவார். மூன்றாவது தட்டுக்குத் திறக்க வேண்டும்.

குருசடிக்குப் புறப்படும்போது மகள் நிரோசினி கோயில் வாசலில் தயங்கினாள்.

"அப்பா, இந்தமுறை வேற ஆரையும் உள்ளுக்கு நிக்க விடுவமே? உங்கட முகம் சரியில்லை."

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கிறன். நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போ."

ஏழு வயதுப் பேத்தி கலிஸ்ரா துள்ளினாள். "அம்மப்பா, நான்தான் எல்லாருக்கும் முன்னுக்கு வருவன். கெதியாத் திறவுங்கோ!"

அந்தப் பிள்ளைக்காக யாகப்பு உயிரையும் கொடுப்பார். அதில் மட்டும் பொய்யில்லை.

மற்றதில் இருந்தது. வாசற்சுவரில் கோயிலின் வரலாற்றைப் பொறித்த புதுக் கல்லொன்றுக்கு இன்று திரைநீக்கம். கடைசிச் சண்டையில் செல் குண்டு விழுந்த நாளிலும் ‘கதவு எல்லோருக்கும் திறந்தே இருந்தது’ என்பது அதன் கடைசி வரி. சொல்லிக்கொடுத்தவர் யாகப்பு. உள்ளே முந்நூறு பேர் மூச்சுமுட்டக் கிடந்ததும், வெளியே ஒருத்தி "ஐயா, பிள்ளையின்ர கை! பிள்ளையின்ர கை!" என்று குழறக் குழற அவர் தோளைக் கொடுத்துக் கதவை அறைந்து சாத்தியதும் கல்லில் இல்லை. தப்பியவர்களுக்கும் அந்தப் பொய் வசதியாகத்தான் இருந்தது. சத்தம் அடங்கித் திறந்தபோது வெளியே உயிரோடு ஒருவருமில்லை. உள்ளே, கதவடியில், நாலு சின்ன விரல்கள். அவற்றைத் துணியில் சுற்றிக் குளத்தில் எறிந்தார்.

குளக்கட்டில் ஓசன்னாப் பாட்டு மெல்லக் கேட்டது. இன்னும் தூரம்தான்.

கதவு தட்டப்பட்டது.

தாழ்வாக, இடுப்பளவில். சிலுவை மரத்தின் சத்தமில்லை அது. இறைச்சி அடிபடுகிற சத்தம். இன்னொரு தட்டு. யாகப்பு பின்வாங்கினார். துடைத்த இடத்தில் தடம் மறுபடி ஈரமாக இருந்தது. உட்பக்கத்தில். பாட்டு நெருங்கி வந்து, வாசலில் நின்றுபோனது. சேற்று மணம் கோயில் முழுக்க ஏறியது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

பழக்கத்தில் கை தாழ்ப்பாளை இழுத்தது. கதவு ஒரு சாண் விலகியது. வெளிச்சம். இடைவெளிக்குள், இடுப்பளவில், நாலு சின்ன விரல்கள். நனைந்த விரல்கள்.

யாகப்பு கத்தினார். தோளைக் கொடுத்தார். அறைந்தார்.

எலும்பு நொறுங்கியது.

"அப்பா! திறவுங்கோ! பிள்ளையின்ர கை! பிள்ளையின்ர கை!"

நிரோசினியின் குரல். ஓலைகளுக்குத் தெளித்த தீர்த்தம். அந்த ஈரம். கலிஸ்ரா.

கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு வரவில்லை. காலை ஊன்றி இழுத்தார். நகங்கள் பிய்ந்தன. அது அவரையும் இழுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்திக்கொண்டே போனது. வெளியே அலறல் உச்சத்துக்கு ஏறி, சட்டென்று நின்றது. காலடியில் ஏதோ சொத்தென்று விழுந்தது.

குனிந்தார்.

அவருடைய கைகளுக்குக் கீழே, கதவில், இன்னும் இரண்டு சின்னக் கைகள். சேறு வடிந்தது. ஒன்றில் பெருவிரல் மட்டும் இருந்தது. அவை முழுப் பலத்தோடு கதவைத் தள்ளிக்கொண்டிருந்தன.