பிரிக்கக் கூடாத தோட்டா

"உங்க தோட்டா ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுங்க, கர்னல்!"

மண்டபத்தில் கரண்டிச் சத்தம் நின்றது.

கர்னல் தர்லோவின் வாய்க்குப் பாதி தூரத்தில் உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று அந்தரத்தில் தொங்கியது.

மொன்டானாவின் அந்தச் சின்ன ஊரில் ஒரு துப்பாக்கிக்காரனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கடன் கேட்கலாம். பெண் கேட்கலாம். தோட்டாவைப் பிரித்துக் காட்டு என்று மட்டும் கேட்கக் கூடாது!

பழங்காலத் துப்பாக்கிப் போட்டி நடத்தும் கழகத்தின் விதி அப்படி. கருமருந்தை அவனவனே அளந்து, அவனவனே அடைக்க வேண்டும். உள்ளே இருப்பது அவன் ரகசியம்.

"சாவுச் சாப்பாட்டுல வந்து பேசற பேச்சா இது?" கர்னல் உறுமினார். "வேட் பிரானக் அதோ சவப்பெட்டிக்குள்ள கெடக்கறான்!"

"தெரியும், கர்னல். அவரைக் கொன்னது எங்கப்பான்னு சொல்லி உள்ள வெச்சிருக்காங்க. அதான் கேக்கறேன்!"

டெஸ்ஸா கெட்டில்சன். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வாங்கி வந்தவளை இன்றைக்கும் 'ஆர்லோவோட பொண்ணு' என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போது 'கொலைகாரன் பொண்ணு' ஆகியிருக்கிறாள்.

முந்தாநாள் போட்டியில், எல்லார் கண்ணெதிரிலும், சாம்பியன் வேட்டின் துப்பாக்கி வெடித்துச் சிதறியது.

சத்தம் வந்தது.

புகை வரவில்லை!

கருமருந்து என்றால் வெள்ளைப் புகை மேகமாக எழும். அழுகிய முட்டை நாற்றம் மூக்கைத் துளைக்கும். அன்றைக்கு இரண்டும் இல்லை. யாரோ அந்த ஒரு தோட்டாவில் புகையில்லா மருந்தை அடைத்திருக்கிறார்கள். நவீன மருந்து... பழங்காலத் துப்பாக்கி தாங்குமா?

அந்த மருந்துக் குப்பி ஒன்று ஆர்லோவின் பட்டறையில் கிடைத்தது. வேட்டுக்குத் திருட்டுத்தனமாகத் தோட்டா அடைத்துக் கொடுத்தது தான்தான் என்பதை மட்டும் ஆர்லோ ஒத்துக்கொண்டார். அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

காலையில் கம்பிக்குப் பின்னாலிருந்து மகளிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"என்ன வேணா பண்ணும்மா. யாரோட தோட்டாவையும் பிரிக்கச் சொல்லாத!"

"ஏன்ப்பா?"

அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதனால்தான் இங்கே வந்தாள்.

"இந்தப் பொண்ணை வெளிய தள்ளுங்கடா!" கர்னல் எழுந்தார்.

"இருங்க!"

ஆரின் ஹாகன். இரும்புக் கடைக்காரர். வருஷா வருஷம் இரண்டாமிடம். போட்டியில் வேட்டின் பக்கத்தில் உட்கார்ந்து, குண்டு எங்கே படுகிறது என்று தொலைநோக்கியில் பார்த்துக் குறி சொன்னவர். தன் மேல் தெறித்த ரத்தத்தோடு முதலில் அழுதவரும் அவர்தான்.

"புள்ள கேக்கறதுல என்ன தப்பு? மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம், கர்னல்?"

"தேங்க்ஸ், அங்கிள்..." டெஸ்ஸா அவர் பக்கம் திரும்பினாள்.

கதவோரம் சாய்ந்து நின்ற ஷெரிஃப் லோர்னா பெக்ஸ்ட்ரண்ட் சாவிக்கொத்தை எடுத்தாள். போட்டி நின்ற அன்றே எல்லாருடைய தோட்டாப் பெட்டிகளையும் மண்டப அலமாரியில் போட்டுப் பூட்டியிருந்தாள்.

"நானே பிரிக்கறேன். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா இப்பவே சொல்லுங்க. எதுக்குன்னு உக்காந்து விசாரிப்போம்!"

கர்னல் மறுபடி உட்கார்ந்தார்.

முதலில் வேட்டின் தோட்டாப் பெட்டி. ஷெரிஃப் குறடால் ஈயக் குண்டை இழுத்தாள். பித்தளைக் கூட்டைக் கவிழ்த்தாள். மேஜையில் முதலில் விழுந்தது ஒரு வட்ட அட்டை வில்லை. பின்னால் கருமருந்து.

குண்டுக்கும் மருந்துக்கும் நடுவே எல்லாரும் ஒரு வில்லை வைப்பார்கள். எதை வெட்டி வைப்பது என்பது அவரவர் கைவழக்கம்.

"பால் டப்பா அட்டை. நீலக் கோடு. எங்கப்பா வெட்டினது" என்றாள் டெஸ்ஸா.

அடுத்தது கர்னலின் தோட்டா.

வில்லை விழுந்தது.

பால் டப்பா அட்டை... நீலக் கோடு!

கர்னலின் முகம் சுண்ணாம்பானது.

"கர்னல்... நீங்களுமா?" யாரோ கேட்டார்கள்.

கேட்டவருடைய தோட்டாவை ஷெரிஃப் பிரித்தாள். நீலக் கோடு!

அடுத்தது. நீலக் கோடு.

அதற்கடுத்தது... அதுவும்!

பிரிக்கச் சொல்லாதே என்று அப்பா ஏன் சொன்னார் என்பது டெஸ்ஸாவுக்கு இப்போது புரிந்தது. சுவரில் பளபளக்கும் கோப்பைகள் அத்தனையும் அப்பாவின் கைவேலை. இத்தனை பேர் மானத்தையும் காப்பாற்றிக்கொண்டு அவர் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். இவர்கள் சீஸ் போட்ட உருளைக்கிழங்கு தின்கிறார்கள்!

"ஒருத்தருக்காவது... ஒரே ஒருத்தருக்காவது அவரை ஜாமீன்ல எடுக்கணும்னு தோணலையா?"

தலைகள் குனிந்தன.

ஹாகன் சிரித்தார். வாய்விட்டு, கண்ணில் நீர் வர.

"அடேய் கள்ளப் பசங்களா! உங்களோடயாடா இத்தனை வருஷம் போட்டி போட்டேன்? ஷெரிஃப், என்னோடதைப் பிரிங்க. ஊரே பாக்கட்டும்! தன் தோட்டாவைத் தானே அடைச்சவன் இங்க ஒருத்தன் இருக்கான்!"

ஷெரிஃப் பிரித்தாள்.

பழுப்பு நிற வில்லை. பழைய தொப்பியின் கம்பளியில் வட்டமாக வெட்டியது.

"பாத்தீங்களா? என் தொப்பி! என் கை!"

டெஸ்ஸா கைதட்டவில்லை. ஷெரிஃபைப் பார்த்தாள்.

ஷெரிஃப் சட்டைப் பையிலிருந்து சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

உள்ளே கருகிய, பழுப்பு நிறக் கம்பளி வில்லை!

"வேட்டோட துப்பாக்கி அடிப்பக்கம் பிளந்துடுச்சு. குண்டு வெளிய போகாம குழாய்லயே சிக்கிக்கிச்சு. டெஸ்ஸா நச்சரிச்சு, இன்னிக்குக் காலையில குழாய்க்குள்ள கம்பி விட்டுத் தள்ள வெச்சா. குண்டுக்குப் பின்னால இது வந்துச்சு."

ஹாகனின் சிரிப்பு பாதியில் செத்தது.

"புகையில்லா மருந்துக்கு வில்லையே தேவையில்ல, அங்கிள்" என்றாள் டெஸ்ஸா. "ஆனா கருமருந்துக்காரன் கை சும்மா இருக்குமா? கொலை பண்ணும்போதும் பழக்கம் விடல!"

"அவன் திருடன்..." ஹாகன் மேஜையைக் குத்தினார். "ஒவ்வொரு வருஷமும்... உங்கப்பன் அடைச்சதை வெச்சு... பக்கத்துல உக்காந்து என் வாயாலயே அவனுக்குக் குறி சொல்ல வெச்சான்! அவன் பெட்டியில ஒண்ணே ஒண்ணைத்தான் மாத்தினேன்..."

"குப்பியை எங்கப்பா பட்டறையில வெச்சதும் நீங்கதானே?"

"உங்கப்பன் மட்டும் யோக்கியனா?"

டெஸ்ஸா மேஜையில் கிடந்த நீலக் கோடு வில்லைகளைப் பார்த்தாள்.

கைவிலங்கு கிளிக்கென்றது.

ஷெரிஃப் அவரை வெளியே நடத்திப் போனாள். கர்னல் மெல்ல டெஸ்ஸாவின் அருகே வந்தார்.

"டெஸ்ஸா... கண்ணு... வாசல்ல பத்திரிகைக்காரங்க நிக்கறாங்க. கொலைகாரன் கெடைச்சாச்சு. எங்க கதை எதுக்கு? அது வெளிய போனா, உங்கப்பாவுக்கு அப்புறம் யாரு வேலை குடுப்பா? உன்னைப் படிக்க வெச்சதே அந்த வருமானந்தான்!"

உண்மைதான். அதுதான் நெஞ்சை அறுத்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்கப்போகும் முதல் கேள்வியும் இதுதான்.

கழுத்துத் துண்டை எடுத்துச் சுற்றிக்கொண்டாள். யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை.

"எங்கப்பா இனிமே யாருக்கும் அடைக்க மாட்டார், கர்னல். அவருக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லிக்கிறேன். அதுக்கு முன்னாடி வாசல்ல இருக்கறவங்ககிட்ட சொல்றேன்!"

"அப்போ... அடுத்த வருஷப் போட்டிக்கு நாங்க என்ன பண்றது?"

டெஸ்ஸா கதவைத் தள்ளினாள். வெளியே கேமராக்கள் மின்னின.

"ஹாகன்கிட்ட போய்க் கத்துக்கோங்க. உங்க கழகத்துல விதியை மீறாத ஒரே ஆள் அவர்தான்!"