ஈரக் கால்

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் வலி நின்றது. ஈரம் நிற்கவில்லை.

தவ்பீக் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தான். காளவாசல் சிக்னலில் மாட்டிக்கொண்ட பஸ்கள் ஒன்றையொன்று ஹாரனால் திட்டிக்கொள்ளும் சத்தம் மூடிய ஜன்னலைத் தாண்டி மங்கலாக வந்துகொண்டிருந்தது. ஏசியின் வாயிலிருந்து துவைக்காத துணியின் வாடை இறங்கியது. அவனுடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடையோடு முடிந்துபோயிருந்தது. அதற்கும் கீழே, இல்லாத பாதத்தை, இரண்டு மாதமாக யாரோ முறுக்கிப் பிழிந்துகொண்டே இருந்தார்கள். விரல்கள் உள்பக்கமாக மடங்கி நகங்கள் உள்ளங்காலில் இறங்கும். அந்தக் கை இப்போது பாதத்தை விட்டுவிட்டது. அத்தனை அமைதி. அந்த அமைதியில்தான் பாதம் நனைந்திருப்பது தெரிந்தது.

"எப்படி இருக்கு தம்பி?" டாக்டர் பீமாராவ் கையுறையைக் கழற்றினார்.

"வலி இல்ல சார்."

"சுத்தமா?"

"சுத்தமா."

டாக்டர் ஐஸில் தோய்த்த பஞ்சால் வெட்டுப்பட்ட முனையைத் தொட்டார். ஒன்றும் தெரியவில்லை.

"நல்ல சேதி. இப்படித்தான் வலியைத் தேடுறது. ஒரு நரம்பை மட்டும் மரத்துப்போக வைக்கிறோம். வலி நின்னுச்சுன்னா திருடன் இந்தத் தெருவுலதான் இருக்கான். நிக்கலைன்னா அடுத்த தெருவுல தேடணும். உங்க திருடன் மாட்டிக்கிட்டான். சாயங்காலம் மருந்து இறங்குனதும் வலி திரும்ப வரும், பயப்படாதீங்க. அப்புறம் அந்த நரம்பைச் சுட்டு விட்ருவோம்."

"சார், ஈரமா இருக்கு."

"எங்க?"

"பாதத்துல."

நர்ஸ் முனீஸ்வரி குனிந்து கட்டைத் தொட்டுப் பார்த்தாள். "ஒண்ணும் கசியல சார். காஞ்சுதேன் இருக்கு."

"அங்க இல்ல. கீழ. பாதத்துல."

டாக்டர் அவன் தோளைத் தட்டினார். "பாதமே இல்லையே தம்பி. மூளை சொல்ற பொய். கால் எடுத்த எல்லாருக்கும் வர்றதுதான்."

ஆட்டோவில் வீடு திரும்பும்போது மழை தூறியது. தவ்பீக் ஊன்றுகோல்களை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு மடித்துக் குத்தியிருந்த பேன்ட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். பாதம் நிமிர்ந்து இல்லை, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதன் மேல் ஒரு துணி. துணி நனைந்து விரல்களோடு ஒட்டியிருந்தது. அடியில் சேறு. தண்ணீர் இல்லை, சேறும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் கொழகொழவென்று ஏதோ ஒன்று. சோதித்துப் பார்க்க நினைத்துச் சுண்டுவிரலை அசைத்தான். அசைந்தது. அசைந்தபோது நகம் விரலோடு வரவில்லை. துணியிலேயே ஒட்டிக்கொண்டது.

வலிக்கவில்லை. அதுதான் குமட்டியது. பால்பல் விழுவதைப் போல, நாக்கால் தள்ளினதும் தானாக வருவதைப் போல, அத்தனை சுலபமாகக் கழன்றது.

"அண்ணே, வண்டிய நிறுத்தவா? வாந்தி வருதா?" ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார்.

"இல்ல. போங்க."

மாலையில் அவன் மனைவி நிலோபரின் அண்ணன் யாசீன் தூக்குவாளியோடு மாடி ஏறி வந்தார். தங்கை இறந்துபோன பிறகும் அவர் வருவதை நிறுத்தவில்லை.

"என்னா மாப்ள, வலி போயிருச்சாமே! ஆட்டோக்காரப் பய தெரு பூராம் சொல்லிட்டுத் திரியுறான்."

"வாங்க மச்சான்."

"எம் பொண்டாட்டி சுஃபியா பாயா வெச்சா. ஆறுறதுக்குள்ள குடிங்க."

"கால் போனவனுக்கு ஆட்டுக்கால் சூப்பா?"

"அட, ஆட்டுக்கு நாலு இருக்கு மாப்ள. ஒண்ண நமக்குக் குடுத்தா அது என்ன நொண்டியாவா போகப் போகுது?" யாசீன் தானே சிரித்து, தானே நிறுத்தி, கிண்ணத்தில் ஊற்றினார்.

மிளகும் கொழுப்பும் கலந்த ஆவி முகத்தில் அடித்தது. மஞ்சள் குழம்பில் குளம்பு நீட்டிக்கொண்டிருந்தது. தவ்பீக் கரண்டியால் தொட்டான். இரவு முழுக்க வெந்த கால். தோல் எலும்பை விட்டு, ஈரக் காலுறையைப் போல, மொத்தமாக வழுகி இறங்கியது. அதே நேரத்தில் அவன் குதிகாலிலும் ஏதோ ஒன்று வழுகி இறங்கியது.

கரண்டியை வைத்துவிட்டான்.

"மச்சான். என் கால என்ன பண்ணுனாங்க?"

யாசீன் எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நிறுத்தினார். "இப்ப எதுக்கு மாப்ள அதெல்லாம்?"

"ஆஸ்பத்திரியில எரிச்சிட்டாங்களா?"

"சீச்சீ, எரிக்க விடுவமா? கேட்டு வாங்கிட்டம்ல. மண்ணுக்குத்தானே போய்ச் சேரணும். வெள்ளத்துணி சுத்தி மையவாடிக்குக் கொண்டு போயிட்டம்."

"மையவாடியில எங்க?"

யாசீன் விரல்களைத் துணியில் துடைத்தார். துடைத்த பிறகும் துடைத்தார். "அன்னைக்குப் பேஞ்ச மழ ஒங்களுக்குத் தெரியாது. நீங்க நெனப்பில்லாமக் கெடந்தீங்க. தங்கச்சிக்குக் குழி தோண்டி முடிச்சாச்சு. ஒங்க காலுக்குத் தனியா ஒண்ணு தோண்டுனா தோண்டத் தோண்டத் தண்ணி ஊறுது. மம்பட்டியக் கீழ போட்டுட்டாரு குழி வெட்டுறவரு. அதேன்... அவ கபரு தெறந்துதான இருந்துச்சு. கால்மாட்டுல வெச்சிட்டம்."

தவ்பீக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தான்.

"வேத்தாள் காலா மாப்ள? கட்டுன புருசன் காலு. அவளுக்கும் ஒரு தொணையா இருக்கட்டும்னுதான்..."

"எடுத்துருங்க. வேற எடத்துல வைங்க."

"அஸ்தஃபிருல்லாஹ்! மூடுன கபரத் தோண்டுறதா? ஜமாத்துல செருப்பாலயே அடிப்பாங்க. அவள நிம்மதியா விடுங்க." அவர் கண் கலங்கிவிட்டது. "நீங்களும் நிம்மதியா இருங்க மாப்ள."

அவர் போனபின் கிண்ணத்தில் கொழுப்பு உறைந்து வெள்ளைத் தோலாயிற்று. தவ்பீக் அதைப் பார்க்காமல் இருக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

நிலோபர் சுத்தக்காரி. தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் துடைத்துவிட்டுத்தான் சோறு போடுவாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்த கையை வீட்டுக்கு வந்ததும் இரண்டு முறை கழுவுவாள். அலங்காநல்லூர் ரோட்டில், விளக்கில்லாமல் நின்ற கரும்பு டிராக்டரில் அவர்கள் இருவரும் போன வண்டி மோதியபோது அவள் நெற்றியில் ஒரே ஒரு கீறல்தான் இருந்தது என்று சொன்னார்கள். முகம் அப்படியே இருந்தது என்றார்கள். அவன் பார்க்கவில்லை. பார்க்காததால் அந்த முகத்தை அவனால் முழுசாக வைத்திருக்க முடிந்தது. அவனிடம் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

அப்போது இல்லாத பாதத்தின் கட்டைவிரலை இன்னொரு விரல் தொட்டது.

குளிர்ந்த விரல். அவனுடையதை விட மென்மையானது. ரொம்பவே மென்மையானது, பழுத்து அழுகிய வாழைப்பழத்தின் தோலைத் தொட்டது போல அழுத்தம் பட்ட இடம் உள்ளே அமுங்கியது. அமுங்கிய இடத்திலிருந்து ஏதோ சின்னச் சின்னதாக, நிறைய, நெளிந்துகொண்டு அவன் விரலிடுக்குக்கு வந்தன.

அவன் கத்தவில்லை. கால்களை இழுத்துக்கொண்டான். ஒன்றுதான் வந்தது.

இருட்டும் நேரத்தில் மருந்து இறங்கி, வலி திரும்பியது. முதல் முறையாக அவன் அதை வரவேற்றான். முறுக்கு, பிழி என்றான். வலி ஒரு கனத்த போர்வையைப் போல வந்து பாதத்தை மூடியது. அதற்கு அடியில் எதுவும் தெரியவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு, வியர்த்து நாறிக்கொண்டு, சந்தோஷமாகப் படுத்திருந்தான்.

அந்தச் சந்தோஷம் அதிக நாள் நீடிக்கவில்லை. வலி அவனைத் தின்றது. வெட்டுமுனையைச் சுவரில் மோதினான். தையல் போட்ட இடம் பிரிந்து ரத்தம் வந்தது. தூங்காத கண்ணுக்கு எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது. வலியை வைத்துக்கொண்டு வாழ முடியாது. வலி போனால் அங்கே போய்ப் படுக்க வேண்டும். டாக்டர் சொன்னது போல அது மூளையின் பொய்யாக இருந்தால், நரம்பைச் சுட்டுவிட்டு, செயற்கைக் கால் மாட்டி, நிலோபரின் முகத்தோடு இருந்துவிடலாம். பொய்யாக இருந்தால்.

பீமாராவ் எல்லாவற்றையும் கேட்டார். சிரிக்கவில்லை.

"ஒரு வழி இருக்கு. முதுகுத்தண்டுல போடுவோம். இடுப்புக்குக் கீழ இருந்து ஒரு சேதியும் மூளைக்குப் போகாது. அப்பவும் ஈரம் தெரிஞ்சா அது காலுல இருந்து வரலை, மூளையே செய்யுது. தெரியலைன்னா நரம்புதான். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிரும்."

"மூணாவது இருக்கா சார்?"

"மூணாவது இல்ல தம்பி."

மத்தியான வெயில் ஜன்னல் திரையில் அடித்துக்கொண்டிருந்தது. கீழே யாரோ கரும்புச்சாறு இயந்திரத்தைச் சுற்றும் சலங்கைச் சத்தம்.

"அண்ணே, முதுக வளச்சு ஒக்காருங்க. எறால் மாதிரி." முனீஸ்வரி அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். "இம்புட்டுதேன். முடிஞ்சிருச்சு. படுங்க."

முதலில் இடது கால் சூடாயிற்று. பிறகு கனத்தது. பிறகு வேறு யாருடையதோ போலக் கிடந்தது. டாக்டர் ஐஸைத் தேய்த்தார். தெரியவில்லை. ஊசிமுனையால் தொட்டார். தெரியவில்லை.

"இடது காலத் தூக்குங்க."

தூக்க முடியவில்லை.

"வலி?"

"இல்ல சார்."

"ஈரம்?"

தவ்பீக் கண்ணை மூடிக் கவனித்தான். ஒன்றுமில்லை. இடுப்புக்குக் கீழே வெறும் காற்று. அவனுக்கு அழுகை வந்தது. நரம்புதான். எல்லாம் பொய். "இல்ல சார். ஈரம் இல்ல," என்று சொல்ல வாயைத் திறந்தான்.

இடது குதிகாலில் குளிர்ந்த தண்ணீர் பட்டது.

இடது. நல்ல கால். மேஜை மேல், பச்சைத் துணிக்கு அடியில், எல்லார் கண்ணுக்கும் முன்னால் கிடக்கும் கால். அது அங்கேயும் இருந்தது. சேற்றில், பழைய வலது பாதத்துக்குப் பக்கத்தில். இரண்டும் இப்போது ஜோடியாக இருந்தன. ஒன்று முழுசாக. ஒன்று எலும்பில் ஒட்டிய கூழாக.

"சார். அங்க போயிருச்சு."

"எது?"

இடது முழங்கால் வந்தது. தொடை வந்தது. இங்கே மரத்துப்போனது எல்லாம் அங்கே போய் விழித்தது. தொடையின் மேல் கபரை மூடிய பலகை இடித்தது. பலகையிலிருந்து சொட்டியது.

"சார், ஏறுது."

"எம்புட்டு தூரம்?"

"இடுப்பு."

"அங்க நின்னுரும்."

நிற்கவில்லை. தொப்புளைத் தாண்டியது. வயிற்றின் மேல் நனைந்த துணி ஒட்டியது. நெளிவுகள் வயிற்றில் ஏறின. இளம்சூடாக இருந்தன. வாடை வந்தது. ஏசி வாடை இல்லை. டெட்டால் இல்லை. மூடிவைத்து மறந்துபோன கறியின் வாடை. நாக்கில் இனித்தது.

"சார், பிரசர் எறங்குது," என்றாள் முனீஸ்வரி.

"டிரிப்ப வேகமா விடு. மருந்து கொஞ்சம் மேல ஏறிருச்சு, ஒண்ணுமில்ல. தம்பி, என் கையப் புடிங்க. அமுக்குங்க."

அமுக்கினான்.

"இன்னும்."

டாக்டரின் முகம் தெரிந்தது. டாக்டரின் கை தெரியவில்லை. அவன் விரல்கள் வேறு எதையோ பிடித்திருந்தன. ஈரத்துணி. துணிக்குள் குச்சிகள்.

"தம்பி, மூச்ச இழுங்க. பேசுங்க. பேரு சொல்லுங்க."

பேர் வரவில்லை. நெஞ்சு வந்துவிட்டது. தோள் வந்துவிட்டது. குழி ஒரு ஆளுக்கு வெட்டியது. இடம் போதவில்லை.

பக்கத்தில் இருந்தது மேற்கே பார்த்து ஒருக்களித்துக் கிடந்தது. அதன் முகத்துக்கும் அவன் காதுக்கும் நடுவில் ஒரு துணிதான். துணி காதோடு ஒட்டியது. துணிக்குள்ளே மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் இல்லை.

"முனீஸ்வரி! ஆக்சிஜன்!"

தூரத்தில். ரொம்ப தூரத்தில்.

அது நகர்ந்தது.

அவனுக்கு இடம் விடுவதற்காக. மெல்ல. முதுகுத்தோல் பின்னால் மண்ணிலேயே ஒட்டி நின்றுவிட, மற்றது மட்டும், உரியும் சத்தத்தோடு, நகர்ந்து கொடுத்தது.

பிறகு அவன் மேல் கை போட்டது.

கை மணிக்கட்டு வரைதான் வந்தது. விரல்கள் பிறகு வந்தன. ஒவ்வொன்றாக, அவன் நெஞ்சின் மேல் ஊர்ந்து.