பெயர் சொல்லாமல் கூப்பிட்டவள்

காரின் கண்ணாடியில் துணி கட்டியிருந்தது. பின்னால் வருவதைப் பார்ப்பதற்காக டிரைவரின் தலைக்கு மேலே இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியைப் பழைய கைலித் துண்டால் சுற்றி, இறுக்கி முடிச்சும் போட்டிருந்தான் டிரைவர் இருளப்பன். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் குணவதியின் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மலை ரோட்டில் ஓட்டுகிறவன் பின்னால் பார்க்க வேண்டாமா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்ததிலிருந்து கேள்வி கேட்கும் பழக்கமே ரப்பர் தோட்டத்து ஜனங்களுக்கு விட்டுப்போயிருந்தது.

அவள் பின்னால்தான் ஏறப்போனாள். அந்நிய ஆண்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகிறவள் இல்லை அவள். அவன்தான் தடுத்தான்.

"முன்னால ஏறுங்க தங்கச்சி. பின் சீட்டு வரும்போது வேணும்."

பின் சீட்டு முழுக்க வேப்பிலை பரப்பியிருந்தது. நோயாளியை ஏற்றப் போகிறோம், வேப்பிலை நல்லதுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் இலைகள் வாடிச் சுருண்டிருந்தன. அவளுக்காகப் போட்டதில்லை. அதற்கு முன்பே வேறு யாருக்காகவோ போட்டது.

தோட்டத்துக் கூலிகளின் வீட்டு வரிசையான லயத்து வாசலில் பிச்சையம்மாள் அக்கா, குணவதியின் மகள் அழகம்மாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து வீட்டுக்காரிதான், ஆனாலும் கூடப் பிறந்தவள் மாதிரி. இந்த இருளப்பனைத் தேடிப் பிடித்துக் கொடுத்ததும் அவள்தான், பிடித்துக் கொடுத்த நாளிலிருந்து அவன்மேல் சந்தேகப்படுகிறவளும் அவள்தான்.

"கூலியே வேணாங்கிறான். சோழியன் குடுமி சும்மா ஆடாதுடி. பாத்து நடந்துக்க," என்று காதோரம் சொல்லிவிட்டுத்தான் பிள்ளையை வாங்கியிருந்தாள்.

அவர்கள் இருந்த சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டங்களில் ஆண்பிள்ளைகள் பாதிப்பேர் இல்லை. ஒருநாள் விடிகாலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்க, நின்றவர்களை, பெயர் கூப்பிடக் கூப்பிட, அப்படியே லாரியில் ஏற்றிச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். குணவதியின் புருஷன் தன் பெயருக்கு "இருக்கேன்" என்று குரல் கொடுத்த வாயோடு போனவர். அழகம்மா அப்போது கைக்குழந்தை. இப்போது நன்றாகப் பேசுகிறாள். அப்பா எப்படி இருப்பார் என்று கேட்கிறாள். காட்ட ஒரு படம்கூட இல்லை.

போன வாரம்தான் பாலிங் சந்தைக்கு மரவள்ளிக்கிழங்கு விற்கப் போன ஒருவன் செய்தி கொண்டுவந்தான். சயாமிலிருந்து நோயாளிகளை ஏற்றி வந்த லாரி மலைமேல் பழுதாகி நின்றுவிட்டதாம். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் பழைய கொட்டகை ஒன்றில் அவர்களை இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார்களாம். சுங்கை லாலாங் ஆட்களும் இருக்கிறார்களாம். அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்து குணவதிக்குச் சோறு இறங்கவில்லை. இறங்குவதற்குச் சோறும் இல்லை என்பது வேறு விஷயம்.

கார் கிளம்பியது. பெட்ரோல் ஏது? பின்புறம் ஒரு பெரிய தகர உருளையைக் கட்டி, அதில் கரியை எரித்து, அந்தப் புகையில் ஓடுகிற கார். திரும்பத் திரும்ப நிறுத்தி இருளப்பன் இறங்கிப்போய்க் கம்பியால் கிளறிவிட்டு வருவான். வரும்போது அவனோடு சேர்ந்து ஒரு வாடை வரும். கரி வாடைதான். இருந்தும், சுடுகாட்டிலிருந்து திரும்பி வருகிறவன் குளிக்காமல் வீட்டுக்குள் நுழைந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு.

அவள் ஓரக்கண்ணால் அவனையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஜப்பான்காரன் சைக்கிளைக்கூட விட்டுவைக்கவில்லை. இவனுக்கு மட்டும் காரை எப்படி விட்டான்? வழியில் இரண்டு இடத்தில் சிப்பாய்கள் நின்றார்கள். இரண்டு இடத்திலும் காரைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு, போ போ என்று கையை வீசினார்கள். உப்புக்கும் அரிசிக்கும் அடித்துக்கொள்ளும் காலத்தில் கூலி வேண்டாம் என்கிறவன், ஆடு நனைகிறதென்று அழுத ஓநாய் இல்லாமல் வேறு யார்? ஆட்களைப் பிடித்துக் கொடுக்கிறவனாக இருப்பான் என்று அவள் மனம் முடிவு கட்டிவிட்டது. ஆனால் இறங்கிப் போகவும் முடியாது. மலைமேல் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க அந்த வட்டாரத்தில் வேறு கார் கிடையாது.

பாலிங்கைத் தாண்டியபோது பொழுது சாய்ந்துவிட்டது. ரப்பர் மரங்கள் வரிசை கலைந்து பின்தங்க, மூங்கிலும் பெயர் தெரியாத பெருமரங்களும் ரோட்டின்மேல் கவிந்து, பனியும் புகையும் கலந்து முகத்தில் ஈரத்துணியைப் போல ஒட்டிக்கொள்ள, எங்கேயோ கீழே, கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் தண்ணீர் பாறையில் மோதி அரற்றும் சத்தம் ஒவ்வொரு வளைவிலும் இடப்பக்கம் போய், வலப்பக்கம் வந்து, மறுபடி இடப்பக்கம் போய்க் கூடவே வந்தது. ஏற்றத்தில் கார் இருமியது. ஆள் நடப்பதைவிட மெதுவாக ஊர்ந்தது.

"உங்க வீட்டுக்காரரு பேரு என்ன தங்கச்சி?"

இருளப்பன் வாய் திறந்து கேட்டது அதைத்தான்.

"எதுக்குண்ணே கேக்குறீங்க?"

"எனக்குச் சொல்ல வேணாம். அங்க போயி, பேரைச் சொல்லித்தான் கூப்பிடணும். அதான் சொல்றேன். பொதுவா கூப்பிட்டுறாதீங்க."

"எங்க வழக்கத்துல புருஷன் பேரைச் சொல்ல மாட்டோம்ணே."

"எங்க வீட்டுலயும் அப்படித்தான் இருந்துச்சு," என்றான் அவன். "என் தங்கச்சியும் அங்க போயி பேரைச் சொல்லல. அங்க நெறைய பேரு கெடக்காங்க. எல்லாரும் யாராச்சும் கூப்பிடுவாங்களான்னுதான் காத்துக்கிட்டு இருக்காங்க. பேரைச் சொல்லும்மா. ஒரு தடவ."

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் அவள். போதாததற்கு, பெயர் கேட்டவன் எவனும் நல்லதுக்குக் கேட்டு அவள் பார்த்ததில்லை. பெரட்டில் பெயர் சொல்லித்தானே கொண்டுபோனார்கள். பெயரை வாங்கி எங்கே கொடுக்கப் போகிறானோ. சொல்லக் கூடாது. செத்தாலும் சொல்லக் கூடாது.

கொட்டகை ரோட்டை விட்டு ஒதுங்கி நின்றது. விளக்கு இல்லை. காவலுக்கு ஆள் இல்லை. இருளப்பன் இறங்கவில்லை.

"வெளக்கு ஒண்ணும் இல்லையாண்ணே?"

"வேணாம். மூஞ்சியப் பாக்காத. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டு, வர்றவரக் கூட்டிக்கிட்டு வந்துரு."

மூஞ்சியைப் பார்க்காதே என்கிறான். கட்டின புருஷனின் முகத்தைப் பார்க்காமல் வேறு யார் முகத்தைப் பார்ப்பதாம். அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்திலேயே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே பழைய ரப்பர் புகையின் நெடி. அதற்கு அடியில், காயம் அழுகிய இனிப்பு வாடை. ஷீட்டுகள் தொங்கவேண்டிய மூங்கில் பரண்களில், கூரைவரை, அடுக்கடுக்காகக் கோணிச் சாக்குகள். கண் இருட்டுக்குப் பழகியதும்தான் ஒவ்வொரு சாக்கிலிருந்தும் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒன்றும் அசையவில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை.

எத்தனையோ மாதமாகச் சேர்த்து வைத்த அழுகை அவளுக்குப் பொங்கி வந்தது.

"ஏங்க," என்றாள். "நான்தாங்க வந்திருக்கேன். வாங்க, வீட்டுக்குப் போலாம்."

இருட்டு அப்படியே இருந்தது. பிறகு ஏதோ ஒரு மூலையிலிருந்து, அடங்கின குரலில், "ம்."

அவர்தான். கூப்பிட்டால் அவர் அப்படித்தான் குரல் கொடுப்பார். வேலைக்கிடையில், வெற்றிலை மென்றுகொண்டு, நிமிர்ந்து பார்க்காமல், "ம்." சாக்கைத் தலையோடு போர்த்தியபடி ஒரு உருவம் எழுந்து வந்தது. கையைப் பிடித்தாள். சில்லென்று இருந்தது. விரலடியில் ரப்பர் பால் வெட்டும் கத்தி பிடித்துப் பிடித்துக் காய்த்த காய்ப்பு. போதும். அவர்தான். கைப்பிடியாக வெளியே அழைத்து வந்து பின் சீட்டில் ஏற்றினாள். தானும் கூடவே ஏறப் போனபோது இருளப்பன் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தான்.

"பேரைச் சொன்னியா?"

"சொன்னேன்," என்றாள். பொய்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பின்கதவைச் சாத்தப் போனான். சாத்தாமல் நின்றான். யாரோ ஏறுவதற்குக் காத்திருப்பவனைப் போல நின்றான். நெடுநேரம் நின்றான்.

இறக்கத்தில் கார் லேசாக ஓட வேண்டும். ஓடவில்லை. ஏறும்போது இருமியதைவிட அதிகமாக முக்கியது. பின்புறம் தாழ்ந்து, மட்கார்டில் டயர் உரசும் சத்தம் வளைவுக்கு வளைவு கேட்டது. கடத்தல் அரிசி ஏற்றியிருக்கிறான் என்று நினைத்தாள். நான் உள்ளே போன நேரத்தில் ஏற்றியிருக்கிறான். அதை மறைக்கத்தான் நான், அதை மறைக்கத்தான் நோயாளி. அப்படி நினைத்துக்கொண்டதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது.

"என்னண்ணே பின்னால இவ்வளோ பாரம்?"

"திரும்பாதம்மா."

அவள் கையை நீட்டிக் கண்ணாடியைச் சுற்றியிருந்த துணியைப் பிடித்து இழுத்தாள். முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே கண்ணாடி இல்லை. உடைத்து எடுத்திருந்தான். வெறும் சட்டம்.

பின்னால் மூச்சு கேட்டது. கொட்டகையில் இல்லாத மூச்சு. நல்லதுதான், உயிர் இருக்கிறது என்று நினைத்தாள். அந்த மூச்சு உள்ளே போகும்போதே இன்னொன்று வெளியே வந்தது. நடுவில் இன்னொன்று.

"ஏங்க," என்றாள் முன்னால் பார்த்தபடியே. குரல் அவளுடையதாக இல்லை. "தண்ணி குடிக்கிறீங்களா?"

"ம்."

இடப்பக்கத்திலிருந்து.

"ம்."

அவள் பிடரிக்கு நேர் பின்னாலிருந்து.

"ம்." "ம்." "ம்."

எல்லாம் ஒரே பதில். எல்லாம் நிமிர்ந்து பார்க்காத, வெற்றிலை மெல்லும், வீட்டுக்காரரின் பதில். எல்லா வீட்டுக்காரரும் அப்படித்தானே சொல்வார்கள். எல்லாப் பெண்டாட்டியும் "ஏங்க" என்றுதானே கூப்பிடுகிறாள். தோட்டத்தில் எந்தக் கையில்தான் காய்ப்பு இல்லை.

இருளப்பன் அழுதுகொண்டு ஓட்டினான். அவனைச் சந்தேகப்பட்டதற்காக அவளுக்கு இப்போது வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரமில்லை.

"இப்பவாச்சும் சொல்லிரும்மா. ஒரே ஒரு பேரு. அவரு இருந்தா அவரு மட்டும் வருவாரு. மத்தவங்க நின்னுருவாங்க. வீடு வந்துட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது. நீதான வான்னு கூப்பிட்ட."

நாக்கு எழும்பவில்லை. வழக்கம் தடுத்தது பாதி. மீதி, வேறொரு பயம். சொல்லாதவரை அந்த மூச்சுகளில் ஒன்று அவருடையது. சொல்லிவிட்டால்?

கீழே சுங்கை லாலாங் ரோடு வந்தது. மரவள்ளிக் கொல்லை. தோட்டத்து முனையில் முனியாண்டி கோயில் சூலம். லயத்து வரிசை. பெரட்டு மணி அடித்தது. ஜப்பான்காரன் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து அந்த மணி நடு இருட்டில்தான் அடிக்கும்.

கார் நின்றது.

"முருகையா," என்றாள் குணவதி. பிறந்ததிலிருந்து முதல்முறை. "முருகையா. முருகையா."

பின்னால் ஒருவரும் குரல் கொடுக்கவில்லை.

பிச்சையம்மாள் தகர விளக்கோடு ஓடிவந்தாள். பாதி வழியில் நின்றுவிட்டாள். புடவைத் தலைப்பு வாய்க்குப் போனது. அவள் இடுப்பிலிருந்து நழுவி இறங்கிய அழகம்மா தத்தித் தத்திக் காரருகே வந்து, கால் விரலில் எக்கி, பின்பக்க ஜன்னலுக்குள் பார்த்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா," என்றாள். "இதுல அப்பா யாரு?"

பின்கதவு திறந்தது. பாரம் ஒன்று இறங்க, கார் மெல்ல எழும்பியது. ஈரக் காலடி ஒன்று குணவதியின் வீட்டைப் பார்த்து நடந்தது. கதவை அவள்தான் திறந்து போட்டுவிட்டுப் போயிருந்தாள், வருகிறவருக்காக.

கார் மறுபடி எழும்பியது.

மறுபடி.

மறுபடி.