பின் இடது சக்கரம்

மூன்று சக்கரங்கள் பூஜ்ஜியம் காட்டின. பின் இடது சக்கரம் மட்டும் ஐந்து என்றது.

வண்டியோ லிஃப்டின் மேல் அந்தரத்தில் நிற்கிறது. அவன் அந்த டயரை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு ஸ்கேனர் திரையை மறுபடி பார்த்தான். ஐந்துதான். மணிக்கு ஐந்து கிலோமீட்டர்.

எஞ்சினில் நீளமான ஸ்க்ரூடிரைவரை வைத்து, மறுமுனையைக் காதில் அழுத்திக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவான் என்பதால் தெருவில் அவனுக்கு ஸ்டெத் என்று பேர். கோபம் வந்தால் மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவாள். ஆனால் இது காதுக்கு எட்டுகிற சங்கதி இல்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் உண்டு. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பிரேக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதுதான் அதற்கு வேலை. சும்மா நிற்கிற சக்கரம் சுற்றுகிறது என்று சாதித்தால் ஒன்று சென்சார் போயிருக்க வேண்டும், இல்லை ஒயர் போயிருக்க வேண்டும். வேறென்ன?

சென்சாரைக் கழற்றித் துடைத்தான். ஒயரை அசைத்து, மீட்டர் வைத்து அளந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும் ஒரு வெடிப்புகூட அகப்படவில்லை. எண் கண்டபடி குதித்தாலாவது பழுது என்று நிம்மதியாக இருக்கலாம். இது குதிக்கவில்லை, நான்கு, ஐந்து, மறுபடி ஐந்து என்று, அவசரமே இல்லாமல் ஒரு ஆள் நடந்து வருகிற வேகத்தில் நின்றது. மழையில் மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டதால் தகரக் கூரைக்குக் கீழே விளக்கைப் போட்டிருந்தான். ஆயிலும் கிரீஸும் மணக்கிற இடத்தில், நெடுநாள் ஈரத்திலேயே கிடந்த துணியின் முடை நாற்றம் எங்கிருந்தோ வந்துகொண்டிருந்தது.

வண்டிக்காரர் நாற்காலி போட்டும் உட்காரவில்லை. வாசலில் நின்று, தான் வந்த ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பத் தூரமா சார்?"

"ராத்திரி பூரா ஓட்டிட்டே வந்தேன். எங்கயும் நிறுத்தல. இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

இது மூன்றாவது தடவை. மறை கழண்ட கேஸ் போலிருக்கிறது என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டான் அவன்.

கடைசியில், மெக்கானிக்குகள் வழக்கமாகச் செய்கிற காரியத்தைத்தான் செய்தான். ஓரமாக நின்ற அவனுடைய சொந்த வண்டியும் அதே மாடல். அதன் நல்ல சென்சாரைக் கழற்றி இதில் மாட்டி, இதிலிருந்ததைத் தன் வண்டியில் மாட்டினான். கோளாறு கூடவே போனால் சென்சார்தான் குற்றவாளி, போகாவிட்டால் ஒயர்.

கோளாறு கூடவே போனது.

"சென்சார்தான் சார். உங்க வண்டில இப்ப நாலும் பூஜ்ஜியம். அந்த அஞ்சு என் வண்டிக்கு வந்துடுச்சு, பாருங்க."

"உங்க வண்டிக்கா? நிச்சயமா?"

"நிச்சயமா."

அந்த மனிதர் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது சோதனைக்கு மாட்டினதுதான், புதுசு நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே வண்டியை இறக்கினான். சொல்லி முடிப்பதற்குள் அவர் உள்ளே ஏறிவிட்டார். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எங்கயும் ரொம்ப நேரம் நிறுத்தி வைக்காதீங்க."

போயே போய்விட்டார்.

நல்ல சென்சாரும் போச்சே என்று அவன் ஆத்திரப்பட்டுக்கொண்டிருக்கும்போதே மனைவி போன் செய்தாள். ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்தாள். "மழைங்கறதால ஸ்கூலை முன்னாடியே விடறாங்களாம். பாப்பாவை நீங்களே போய்க் கூட்டிட்டு வந்துடுங்க. தனியா நிப்பா, பாவம்."

சென்சார் பொய் சொன்னால் பிரேக்கா பிடிக்காமல் போய்விடும்? எச்சரிக்கை விளக்கு எரியும், எரிந்துவிட்டுப் போகட்டும். ஓட்டிப் பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று ஸ்கேனரைப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பினான். நாற்பதில் போகும்போது மூன்று சக்கரங்கள் நாற்பது காட்டின. நாலாவது, ஐந்து.

பள்ளி வாசலில் பாப்பா வருவதற்கு இருபது நிமிஷம் ஆயிற்று. வைப்பர் இழுத்துக்கொண்டே இருந்தது. திரையில் ஐந்து, ஐந்து, ஐந்து. சும்மா உட்கார்ந்திருக்கிற மூளை சும்மா இருக்குமா? ஷெட்டிலிருந்து இங்கே இரண்டு கிலோமீட்டர். ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் இருபத்துநாலு நிமிஷம். கணக்கு முடிந்ததும் ஏனோ கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பார்த்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டான்.

பாப்பா ஓடிவந்து பின் சீட்டில், அவனுக்கு நேர் பின்னால் ஏறினாள். "அப்பா, கார் ஏம்ப்பா நாறுது?"

"மழைடா கண்ணு. பெல்ட்டைப் போடு."

ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. முன்னால் லாரி, பின்னால் வரிசையாக வண்டிகள், திரும்பவும் வழியில்லை. எஞ்சினை அணைக்க அவனுக்கு மனம் வரவில்லை. மூன்று பூஜ்ஜியங்கள், ஓர் ஐந்து.

பிறகு, ஆறு.

இவ்வளவு நேரத்தில் அது ஆறைத் தொட்டதே இல்லை. ஏழு. ஒன்பது. அது நடக்கவில்லை இப்போது. கூரையில் விழுகிற மழைச் சத்தத்துக்கு நடுவே, தண்ணீரில் சப், சப் என்று எதுவோ கேட்டது. கேட்டதா, அவனாகக் கேட்டுக்கொண்டானா? பதினொன்று. பதினாலு.

"அப்பா, ஏன் இப்படி மூச்சு விடறீங்க?"

"ஒண்ணுமில்லடா. ஒண்ணுமில்ல."

ரயில் போனது. கேட் உயர்ந்தது. லாரி அசைந்ததும் ஹாரனை அழுத்திக்கொண்டே அதைச் சுற்றி வெட்டி வெளியே வந்தான். முப்பது, முப்பது, முப்பது. நாலாவது, முப்பத்தாறு. கண்ணாடியில் மழை மட்டும். இன்னும் மிதித்தான். ஐம்பது. அது ஐம்பத்தெட்டு. எந்த மனுஷனும் இப்படி ஓட முடியாது. பிள்ளை உள்ளே இருக்கிறாள். என் பிள்ளை.

அறுபது.

அறுபது.

அறுபது.

அறுபது.

நான்கும் ஒன்றாக நின்றன. எச்சரிக்கை விளக்கு அணைந்தது. அப்பாடா என்று வாய்விட்டே சொன்னான். சரியாகிவிட்டது. ஏதோ ஈரம், ஏதோ லூஸ் கனெக்‌ஷன், தானாகவே—

"அப்பா," என்றாள் பாப்பா, சிணுங்கலாக. "கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுங்கப்பா. என் பை நனையுது."

டாஷ்போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பின் சீட், இடது பக்கம். பெல்ட் போடவில்லை.

டிங். டிங். டிங்.

திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை. பெல்ட்டை நிதானமாக இழுக்கிற சத்தம் கேட்டது. டக்.

மணி நின்றது.

கண்ணாடியில் பார்த்தான். வலது மூலையில் பாப்பா, பையை மடியில் அணைத்தபடி ஒடுங்கிக்கொண்டிருந்தாள். இடது சீட்டில் யாரும் இல்லை. பெல்ட் மட்டும் வெற்றிடத்தைச் சுற்றி வளைந்து இறுகி, ஓடிக் களைத்தவர் மூச்சு வாங்குவதுபோல், விம்மித் தணிந்து விம்மித் தணிந்து கொண்டிருந்தது.