பிறந்த வீட்டுக் கோடி

“பொறந்த ஊட்டுல இருந்து ஆராச்சும் வந்துட்டாங்களா கண்ணு?”

சிங்காநல்லூர் மியூசியத்தில், ஒரு மத்தியான நேரத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண் என்னிடம் இப்படிக் கேட்டாள்.

பழைய மில் பங்களாவைத்தான் மியூசியமாக மாற்றியிருந்தார்கள். அந்த வாரம் பழங்காலப் போர்வைகளின் கண்காட்சி. இராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த எனக்குப் போர்வைகளைப் பார்த்ததும் படுக்கத்தான் தோன்றியது. புவனா அக்காவைப் பார்க்க இங்கே வரச் சொல்லியிருந்தேன். அவள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டதிலிருந்து அப்பா அவள் பெயரைக்கூடச் சொல்வதில்லை. சொந்தக்காரர்கள் யாரும் எட்டிப் பார்க்காத இடம் இது. அம்மா முதல்முறையாக அவளுக்கு ஒரு பச்சைச் சேலை கொடுத்தனுப்பியிருந்தாள். அது என் பையில் இருந்தது.

கடைசி அறையில் ஒரே ஒரு போர்வை. கட்டிலில் விரித்திருந்தார்கள். பல நிறச் சேலைத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. நடுவில் மட்டும் ஒரு சதுரம் வெறுமையாக இருந்தது. ஈரப் பஞ்சும் அணைந்த ஊதுபத்தியும் கலந்த வாசனை.

இறந்த பெண்ணின் மேல் உறவினர்கள் போர்த்திய கோடிச் சேலைகளால் ஆனது என்று பலகையில் எழுதியிருந்தது. நடுவில் இடம் விட்டதற்குக் காரணம் தெரியவில்லையாம்.

எனக்குத் தெரிந்தது.

பிறந்த வீட்டுக் கோடி வராமல் எங்கள் பக்கம் பெண்ணின் பிணத்தை எடுக்க மாட்டார்கள். இவளுக்கு அது வரவே இல்லை.

அப்போதுதான் கட்டிலோரம் நாற்காலியில் இருந்தவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். காவலுக்கு இருப்பவள், அக்காவைத் தெரிந்தவள் என்று நினைத்தேன். தூக்கத்தில் என் கண்கள் சொருகிக்கொண்டிருந்தன.

“நான்தானுங்க வந்திருக்கேன்.”

“சேலை?”

“கொண்டாந்திருக்கேனுங்க.”

அவள் நீளமாக மூச்சு விட்டாள்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். திரும்பினேன். அக்கா. இளைத்துப்போயிருந்தாள்.

“இந்தக் கந்தலப் பாக்கவா ரெண்டு பஸ் மாறி வரச் சொன்ன? எங்கூட்டுல இதைவிட நல்லதாக் கெடக்குது அம்மணி.” சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. “அம்மா ஏதாச்சும் குடுத்து உட்டுச்சா?”

“உட்டுச்சு. மொதல்ல உக்காருக்கா.”

சற்றுமுன் அந்தப் பெண் இருந்த நாற்காலி காலியாக இருந்தது. “அப்பாடா, காலெல்லாம் ஓஞ்சு போச்சு” என்று உட்கார்ந்தாள்.

பையைத் திறந்தேன்.

சேலை இல்லை.

ஈரப் பஞ்சின் வாசனை மட்டும் எழுந்து வந்தது.

“இங்கதாங்க்கா வெச்சேன்...”

அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் கிடந்த போர்வையின் ஓரம் அவள் மடியில் ஏறியிருந்தது. நடுச் சதுரம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது.

“எந்திரிக்கா, போலாம்.”

கையைப் பிடித்து இழுத்தேன். சில்லிட்டிருந்தது. அசைக்க முடியவில்லை.

யாரோ ஒரு பெண்ணைப் பார்ப்பதுபோல் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“பொறந்த ஊட்டுல இருந்து ஆராச்சும் வந்துட்டாங்களா கண்ணு?”

எனக்குப் பின்னால் புதுச்சேலை சரசரத்தது.

வாசலில் அம்மாவின் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, முதலில் நாற்காலியில் இருந்த அந்தப் பெண் நின்றாள். அக்காவின் செருப்பில் காலை நுழைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். படியிறங்கி வெயிலுக்குள் போனாள்.